பிரிந்த தையல்

"ஃபெயில்" என்று சட்டையை மேசைமேல் வீசினாள் சூப்பர்வைசர் ஈஸ்வரி.

பொன்னுத்தாயிக்கு இது மூன்றாவது தடவை. டெய்லர் டெஸ்டில் பாஸானால்தான் டெய்லர் சம்பளம். ஆறு வருடமாக மிஷினில் உட்கார்ந்து முழுச் சட்டை தைக்கிறாள். பேர் மட்டும் ஹெல்பர்.

காரைக்குடிக்கு வெளியே இருந்த அந்த ஏற்றுமதி கம்பெனியில், அவளிடம் காலர் வைக்கக் கற்றுக்கொண்ட அழகுராஜாகூட இன்று பாஸ்.

"என்னக்கா தப்பு?"

"காலர்ல தையல் விட்டுருக்கு, பாரு."

விட்டிருந்தது உண்மைதான். ஆனால் அதைப் பிரித்தது ஈஸ்வரியின் கையிலிருந்த ஊசி. பொன்னுத்தாயி கண்ணால் பார்த்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் பொருமினார்கள்.

"பொம்பளைக்குப் பொம்பளையே எதிரி!"

"அவ கெத்தைப் பாரேன். கழுத்துல தொங்குற பேர் அட்டையக்கூட நம்ம கண்ணுல படாமத் திருப்பிப் போட்டுருக்கா."

பொன்னுத்தாயி சோற்றை அப்படியே மூடிவிட்டு, கை கழுவும் இடத்தில் ஈஸ்வரியைப் பிடித்தாள்.

"நீங்கதேன் பிரிச்சீக. நான் பாத்தேன். மேனேஜர்ட்டப் போறேன்."

ஈஸ்வரி அங்குட்டும் இங்குட்டும் பார்த்தாள்.

"போன வருசம் பாஸானாளே மலையம்மா, இப்ப எங்க?"

"வேலை புடிக்காம நின்னுட்டாண்டு சொன்னாக."

"நிக்கலடி, நிப்பாட்டிட்டாக. பாஸான மறு மாசமே. வெளிநாட்டுல சட்டை வாங்குறவன் வருசா வருசம் விலையக் குறைக்கிறான். டெய்லர் சம்பளம் குடுக்குறதுண்டா ஆம்பளைக்கே குடுக்கலாம், பொம்பளைக்கு எதுக்குண்டு மேனேஜர் எங்கிட்டயே சொன்னாரு. அவளுக்குப் பாஸ் போட்ட பாவி நாந்தேன்."

"அப்பறம் டெஸ்ட் எதுக்கு?"

"வெளிநாட்டுக்காரன் வந்து கேட்டா, பொம்பளைகளுக்கும் வச்சோம்ண்டு காட்ட வேணாமா?"

பொன்னுத்தாயி நம்பவில்லை.

"ஒங்களுக்கென்ன, சூப்பர்வைசரு. வாங்குற சம்பளத்துக்கு என்ன வேணாலும் பேசுவீக."

ஈஸ்வரி, பதினோரு வருடமாகத் திருப்பியே தொங்கிய அட்டையை நேராக்கிக் காட்டினாள்.

பெயருக்குக் கீழே 'ஹெல்பர்' என்றிருந்தது.