கேட்காமல் கிள்ளிய கணு

மணி பிளாண்ட்டைக் கேட்டு வாங்கி வைத்தால் வராது, திருடி வைத்தால்தான் தழைக்கும் என்பார்கள். என் வீட்டிலிருந்து நித்யகலா முதலில் எடுத்துப் போனது என் கணவனை. பன்னிரண்டு வருடம் என்னிடம் வாடிக் கிடந்தவன், அங்கே போன மூன்றே வருடத்தில் கன்னம் பூரித்துப் பளபளவென்று இருக்கிறான் என்று பார்த்தவர்கள் எல்லாம் என்னிடமே வந்து சொன்னார்கள்.

இன்று அவனுடைய பள்ளிச் சான்றிதழைக் கேட்டு அவளே வந்தாள். எடுத்துத் தர உள்ளே போய் பீரோவைத் திறந்தபோது கதவுக் கண்ணாடியில் கூடம் தெரிந்தது. ஜன்னலோரம் பாட்டில் தண்ணீரில் நான் வளர்க்கும் மணி பிளாண்ட்டிலிருந்து ஒரு கணுவைக் கிள்ளி, அவள் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

சான்றிதழோடு கத்தரிக்கோலையும் எடுத்து வந்தேன்.

"பையில போட்டதை எடு. அவ்ளோ சின்னது எப்படிப் பிழைக்கும்?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இலை அழகா இருந்துச்சுக்கா... அதான்."

வேர் விட்ட கொடியாகப் பார்த்து ஒரு முழத்துக்கு வெட்டினேன். ஈரத்துணியில் சுற்றி, அவளை இரண்டு கையையும் நீட்டச் சொல்லி வைத்தேன்.

"இது நானா மனசாரக் குடுக்கறது. வாரம் ஒருதடவ தண்ணி மாத்து. வெயில்ல வைக்காத."

"வேணாங்கா, குடுத்தா வளராதும்பாங்க..." என்று பின்வாங்கினாள்.

சான்றிதழைக் கொடியின் மேல் வைத்தேன்.

"அவனையும் இப்ப மனசாரக் குடுத்துட்டேன். கொண்டு போ."