பன்னிரண்டு ஜோடிக் கால்கள்

சபையில் அன்று சாயங்காலம் கால் கழுவும் ஆராதனை. இயேசு தம் சீடர்களுக்குச் செய்தது போல, சபையில் பெரிய மனிதர் ஒருவர் பன்னிரண்டு ஏழைகளின் காலைக் கழுவ வேண்டும்.

இந்த முறை அந்தப் பாக்கியம் ஜவுளிக்கடை முதலாளிக்கு. அடுத்த வாரம் சபைச் செயலாளர் தேர்தல். தாழ்மையைக் காட்ட இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? போட்டோக்காரரை முதல் வரிசையிலேயே உட்கார வைத்துவிட்டார்.

பன்னிரண்டு பேரும் அவர் கட்டுகிற புதுக் கிடங்கின் வேலையாட்கள்தான். வேலையை முடித்துவிட்டு நேராக வந்து நின்றார்கள். கணுக்கால் வரை காய்ந்த சிமெண்டு, குதிகாலில் விரல் நுழையும் வெடிப்பு. பார்த்ததுமே முதலாளி இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.

"என்னய்யா கால் இது? பின்னாடி குழாய் இருக்கு, நல்லா தேய்ச்சுக் கழுவிட்டு வாங்க. அப்புறம் நான் கழுவறேன்."

சிமெண்டு லேசில் போகாதே என்று தலையைச் சொறிந்தார் கொத்தனார். போகிற வரைக்கும் தேய்க்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார் முதலாளி.

உள்ளே இன்னொரு தலைவலி. ஆராதனை நடத்த வந்திருந்த பேராயரின் மனைவிக்குப் பக்கத்தில் போட்டு வைத்த நாற்காலி காலி. தன் மனைவியைக் காணோம்.

இவளுக்கு என்றைக்குத்தான் பக்தி இருந்தது? ஜெபக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வீட்டில் வேலை என்பாள். சபையில் எழுந்து சாட்சி சொல்லச் சொன்னால் வாயில் கொழுக்கட்டை. புருஷன் பேர் வாங்குகிற நாளிலாவது வந்து உட்காரக் கூடாதா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று உள்ளுக்குள் கறுவினார்.

பாதி ஆராதனையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள் அந்த அம்மாள். முழங்கால் வரை உடையெல்லாம் ஈரம். பேராயர் முன்னால் வந்து நிற்கிற கோலமா இது? முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டார்.

கால் கழுவும் நேரம் வந்தது. இடுப்பில் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிட்டார். கால்களெல்லாம் பளிச்சென்று இருந்தன. போட்டோக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஆளுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து ஒற்றியெடுத்தார்.

"இதுதான் உண்மையான தாழ்மை" என்று பேராயர் மைக்கிலேயே நெகிழ்ந்தார். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசி ஆள் கொத்தனார். வெடிப்புக்குள்ளேகூடத் துளி சிமெண்டு இல்லை. எண்ணெய் வேறு தடவியிருந்தது.

முதலாளி சபைக்கே கேட்கும்படி சொன்னார். "பாத்தீங்களா, கொஞ்சம் மெனக்கெட்டா கால் எப்படி இருக்கு!"

கொத்தனார் சூதுவாது தெரியாத மனுஷர். அவரும் அதே சத்தத்தில் பதில் சொன்னார்.

"நாங்க எங்கங்க மெனக்கெட்டோம்? குழாயடியில எங்க அத்தனை பேர் காலையும் முதலாளியம்மாதான் மண்டி போட்டுக் கழுவி விட்டாங்க. வேண்டாம்மான்னு கெஞ்சினேன். 'சும்மா இருங்கண்ணே, அவர் கழுவறதுக்கு முன்னாடி யாராவது கழுவித்தானே ஆகணும்'னு சொல்லிட்டாங்க."