கண்ணாடிக்குக் கீழே அண்ணன்

டிஸ்கோ மேடைக்குக் கண்ணாடித் தரை போட்டிருந்தார்கள். தானாக எரிந்து அணையும் விளக்குகள் அந்த ஊரில் கிடைக்காததால், தரைக்கு அடியில் அண்ணன் பெஞ்சமின் மல்லாந்து படுத்து, பாட்டின் தாளத்துக்கேற்ப வண்ண பல்புகளைப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தான். பல்பு வெளிச்சம் கூசியதால் கண்களை இறுக மூடியிருந்தான். "ஜன்னல் கண்ணாடிதான்டா. ஒரு ஆளைத் தாங்கும். குதிக்காம ஆடு" என்று மேலே ஆடப்போகும் தம்பி எட்வினிடம் சொல்லியிருந்தான். வெள்ளை பெல்பாட்டம் போட்ட எட்வின் குதிக்காமல்தான் ஆடினான். விசில் பறந்ததும் மறந்துபோய் ஒரேயொரு தடவை குதித்துவிட்டான். அவன் குதிகாலடியில் கிளம்பிய விரிசல் மெல்ல ஊர்ந்து அண்ணனின் முகத்துக்கு நேர் மேலே போய் நின்றது. தூக்கிய கையை இறக்கப் பயந்து எட்வின் அப்படியே உறைந்தான். புது ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டமும் கையைத் தூக்கியது. "நாமளும் ஆடுவோம்டா, வாங்க!" என்று முன்வரிசையில் ஒருவன் எழுந்தான். "ஏறாதீங்க!" என்று எட்வின் அலறினான். "ஏறாதீங்க, ஏறாதீங்க" என்று தாளத்தோடு திருப்பிப் பாடிக்கொண்டே எல்லோரும் மேடையில் ஏறினார்கள். அடியில் பெஞ்சமின், கண்ணைத் திறக்காமலே, நீலத்தை அணைத்துச் சிவப்பைப் போட்டான்.