மேனேஜருக்கு ஒரு டப்பா ஸ்கோன்

“மாவை இப்படிப் போட்டுப் பிசையக் கூடாதாம்மா. லேசா சேர்த்துப் பிடிச்சா போதும்னு போட்டிருக்கு.”

செய்முறையை போனில் தேடிப் படித்துவிட்டுக் கணவர் சொன்னார். டைல்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை அவருக்கு. குறை கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதையே வீட்டில் இலவசமாகச் செய்வார்.

மனைவி காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாவும் வெண்ணெயும், வால்நட் மாதிரியான பீக்கன் பருப்பும் கலந்த உருண்டையைப் பலகையில் போட்டு, என்னவோ ஜென்மப் பகை மாதிரி குத்திக்கொண்டிருந்தாள்.

“பேரு என்ன சொன்ன?”

“ஸ்கோன். மேப்பிள் சிரப்பும் பீக்கனும் போட்டது.”

“கேக்கா, பிஸ்கட்டா?”

“ரெண்டுக்கும் நடுவுல.”

“யாருக்கு?”

“எங்க மேனேஜருக்கு.”

கணவர் போனைக் கீழே வைத்தார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு பிஸ்கட் சுட்டுக் கொடுத்திருக்கியா?”

“நீங்க என்ன மேனேஜரா?”

அவர் பேச்சை மாற்றினார்.

“நாளைக்குத்தானே மீட்டிங்? அந்தப் புதுப் பொண்ணுக்குக் கடைசி சான்ஸ்னு சொன்னியே?”

“ஆமா.”

புதுப் பெண் மனைவியின் அலுவலகத்தில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பேச்சு திக்கும். இதற்கு முன்னால் போன இன்டர்வியூக்களில் எல்லாம், பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வெளியே அனுப்பிவிட்டார்களாம். கிடைத்த முதல் வேலை இது. திங்கட்கிழமைதோறும் ஒவ்வொருவரும் எழுந்து நின்று மேனேஜர் முன்னால் தங்கள் பிரிவின் ரிப்போர்ட்டை வாசிக்க வேண்டும். அவள் இதுவரை ஒரு தடவைகூட முடித்ததில்லை. நாளையும் முடிக்காவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“அந்தப் பொண்ணு போயிட்டா அவ பிரிவு யாருக்கு வரும்?”

“எனக்குத்தான்.”

“சம்பளமும் ஏறுமா?”

“ஏறாம?”

கணவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை.

“பாவம்மா அது. போன வாரம் நம்ம ஹால்ல உட்கார்ந்து அப்படி அழுதுச்சு. நீயும் முதுகைத் தடவிக் கொடுத்த. இப்போ அந்த ஆளுக்கே காக்கா பிடிக்கிறியே, உனக்கே நல்லா இருக்கா?”

“ஓவன் சூடாயிடுச்சான்னு பாருங்க.”

சூடாகியிருந்தது. அதையும் அவரே பார்த்துச் சொல்ல வேண்டியிருந்ததில் அவருக்கு வருத்தம்தான்.

தட்டை உள்ளே வைத்தாள். சொன்ன நேரம் முடிந்து மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. “அடிச்சிடுச்சு” என்றார். “கேட்டுச்சு” என்றாள். நிறம் நன்றாகக் கறுத்த பிறகுதான் வெளியே எடுத்து, அதன் தலையில் மேலும் மேப்பிள் சிரப்பைக் கொட்டினாள்.

“ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்க.”

கோபமாக இருந்தாலும் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. வாயில் போட்டார். மென்றார். ஏதோ சொல்ல வந்தார். முடியவில்லை. சிரப் பல்லைப் பிடித்துக்கொண்டது, பருப்பு கடைவாயில் போய் உட்கார்ந்துகொண்டது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

“இது ஸ்கோன் இல்ல. எங்க ஃபேக்டரி சரக்கு.”

தப்பான காரியமாகவே இருந்தாலும் அதைத் தரமில்லாமல் செய்வதை அவரால் தாங்க முடியாது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“தள்ளு. காக்கா பிடிக்கிறதுன்னு ஆச்சு, அதையாவது ஒழுங்கா பிடி.”

போனில் போட்டிருந்தபடியே செய்தார். குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் மாவில் உதிர்த்தார். பாலை ஊற்றி, பட்டும் படாமல் சேர்த்தார். மணி அடித்ததும் எடுத்தார். பொன்னிறத்தில், தொட்டால் உதிரும் பதத்தில் வந்திருந்தது.

“இதைக் கொண்டு போ. மானமாவது மிஞ்சும்.”

மனைவி ஒன்றைப் பிட்டு வாயில் போட்டாள்.

“ரொம்ப நல்லா வந்திருக்குங்க. வாயில வெச்சதும் கரையுது.”

“அப்புறம் என்ன?”

“அதனாலதான் இது அவருக்கு வேண்டாம்.”

சொல்லிவிட்டு, தான் செய்த கற்களையே டப்பாவில் அடுக்க ஆரம்பித்தாள்.

“உங்களுது அந்தப் பொண்ணுக்கு. ரிப்போர்ட்டை முடிச்சுட்டு வந்து சாப்பிடட்டும்.”

“அதான் முடிக்க முடியாதே அவளால?”

“யார் சொன்னது? அன்னைக்கு ஹால்ல அழுதுட்டு, அப்புறம் எனக்கு முழுசா வாசிச்சுக் காட்டினா. திக்கும், அங்கங்க நிக்கும், ஆனா முடிச்சிடுவா. ஆபீஸ்ல மேனேஜர் விட்டாத்தானே? அவ கொஞ்சம் நின்னாப் போதும், இவர் குறுக்கே பூந்து ‘சரி சரி, உட்காரு’ன்னுடுவார்.”

“அதுக்கு ஸ்கோன் என்னத்துக்கு?”

“எதை நீட்டினாலும் முழுசா வாயில போட்டுக்கற மனுஷன் அவர். நாளைக்கு அவ எழுந்திருக்கும்போது இதை நீட்டுவேன். நீங்களே வாயைத் திறக்க முடியாம நின்னீங்க, அவர் எம்மாத்திரம்? மென்னு முழுங்கறதுக்குள்ள அவ வாசிச்சு முடிச்சிடுவா.”

கணவர் டப்பாவிலிருந்து ஒரு ஸ்கோனை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் திரும்பவும் தட்டில் அடுக்கினார்.

“இன்னும் கொஞ்ச நேரம் ஓவன்ல இருக்கட்டும்” என்றார்.