தந்தி நீண்ட நாள்

சிவப்பு அட்டையை மூன்றாம் முறையாக உயர்த்திக் காட்டியும் பேராசிரியர் பேச்சை நிறுத்துவதாக இல்லை.

அமர்வுத் தலைவிக்குக் காதுமடல் சூடேறியது. வங்கிகளின் நிலைத்தன்மை பற்றிய அந்த ஆய்வு மாநாட்டில் அவருக்கு ‘மணிக்கூண்டு’ என்று பட்டப்பெயர். மஞ்சள் அட்டை காட்டினால் பேச்சை முடிக்கத் தொடங்க வேண்டும்; சிவப்பு காட்டினால் இறங்கிவிட வேண்டும். அழைத்தவுடன் மேடைக்கு வராதவருக்கு வாய்ப்புப் போனது போனதுதான். நேற்றுகூடக் காப்பிக் கோப்பையோடு ஓடிவந்த ஒருவரை ஈவிரக்கம் பாராமல் திருப்பி அனுப்பியிருந்தார்.

பேராசிரியரும் லேசுப்பட்டவரல்லர். கட்டுரைகளை முன்கூட்டியே வாங்கிப் படித்து, மேடையில் குறைநிறைகளை அலசிக் காட்டும் பொறுப்பு அவருடையது. இந்த அமர்வின் இரண்டு கட்டுரைகளுக்கும் அவர்தான். நாலே வாக்கியத்தில் ஒரு கட்டுரையின் உயிரை எடுத்துவிடுவார் என்பதால், துறை முழுக்க அவருக்குத் ‘தந்தி’ என்றே பெயர்.

அந்தத் தந்திதான் இன்று தொடர்கதையாக நீண்டுகொண்டிருந்தது.

“வங்கி மூழ்கப் போகுதுன்னு ஒரு வதந்தி. வாசல்ல கூட்டம் நெரியுது. மேனேஜர் என்ன பண்ணினார் தெரியுமா? கவுன்ட்டர்ல இருக்கறவங்களைக் கூப்பிட்டு, ‘ஒவ்வொரு கையெழுத்தையும் நிதானமாப் பாருங்க, எல்லாருக்கும் சில்லறையாவே கொடுங்க’ன்னார். வரிசை நகரவே இல்லை. அதுக்குள்ள தலைமை அலுவலகத்துலேருந்து பணம் வந்து சேர்ந்துடுச்சு.”

“இதைத்தான் சார் கொஞ்சம் முன்னாடியும் சொன்னீங்க” என்றார் தலைவி.

“அப்போ சுருக்கமாச் சொன்னேன், மேடம்.”

அரங்கு சிரித்தது. தலைவி சிரிக்கவில்லை.

மாநாட்டு ஏற்பாட்டாளர் குனிந்தபடியே வந்து அவர் காதைக் கடித்தார். “என்ன மேடம், வயசாயிடுச்சா இவருக்கு? அடுத்தது அந்தப் பொண்ணு. அவ நேரத்தையும் சேர்த்து முழுங்கறாரே.”

அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் ஒப்பந்த வேலை. இந்த மாதத்தோடு அதுவும் முடிகிறது. அவள் பேச்சைக் கேட்டுவிட்டு வேலை கொடுப்பதா என்று முடிவு செய்யலாம் என மத்திய வங்கியின் ஆராய்ச்சித் தலைவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

தலைவிக்கு இன்னொன்றும் தெரியும். காலைத் தேநீர் இடைவேளையில் பேராசிரியர் அவளை ஜன்னலோரம் அழைத்து ஏதோ சொன்னார். கேட்டவள் முகம் வெளுத்து, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு விலகிப் போனாள். மேடையேறுமுன்பே பெண்ணை மிரட்டியாயிற்று, போதாததற்கு இதுவும்.

“மைக்கை ஆஃப் பண்ணுங்க.”

மைக் அடங்கியது. பேராசிரியர் அடங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலை உயர்த்தி, அதே மேனேஜரை மறுபடியும் கவுன்ட்டருக்கு அழைத்து வந்தார்.

இனிப் பொறுப்பதற்கில்லை என்று தலைவி எழுந்து மேடையை நோக்கி நடந்தார். அவர் படியில் கால் வைப்பதற்குள், வாக்கியத்தின் நடுவிலேயே, “அவ்வளவுதான்” என்று பேராசிரியர் இறங்கிவிட்டார்.

பெயரை அழைத்ததும் பின்வரிசைப் பக்கமிருந்து மூச்சிரைக்க வந்தாள் அந்தப் பெண்.

“உங்க கையில இருக்கற பிரதியில முதல் அட்டவணையை மறந்துடுங்க” என்று தொடங்கினாள். “ஒண்ணோட ஒண்ணு இணைஞ்ச வங்கிகளைப் பழைய பேர்ல ஒரு தடவை, புதுப் பேர்ல ஒரு தடவைன்னு ரெண்டு முறை சேர்த்துட்டேன். அதனாலதான் அதுங்க அவ்வளவு பலசாலியாத் தெரிஞ்சுது. இப்போ திருத்திட்டேன். இணைப்பால கிடைக்கற பலன் பாதியாக் குறையுது. ஆனா என் முடிவு நிக்குது.”

அரங்கு நிமிர்ந்து உட்கார்ந்தது. தன் ஓட்டையைத் தானே மேடையில் காட்டுகிறவர்கள் அந்தத் துறையில் அபூர்வம்.

“எப்போ கவனிச்சீங்க?” என்றார் ஆராய்ச்சித் தலைவர்.

“இன்னைக்குக் காலையிலதான் சார். அதை எனக்கு...”

“நேரமாச்சும்மா” என்று பேராசிரியர் இடைமறித்தார். “மேடம் கையில சிவப்பு அட்டை துடிக்குது பாரு.”

அவள் பேசி முடித்ததும் அவர் மேடையேறினார். “நல்ல கட்டுரை. எனக்குச் சொல்ல ஒண்ணுமில்லை” என்று இறங்கிவிட்டார்.

“பார்த்தீங்களா? படிக்காமலே வந்திருக்கார்” என்றார் ஏற்பாட்டாளர். “அடுத்த வருஷம் இவரைக் கூப்பிடக் கூடாதுன்னு சொல்லப்போறேன்.”

“நானும் சொன்னேன்னு சொல்லுங்க” என்றார் தலைவி.

கூட்டம் கலைந்தபின் தாழ்வாரத்தில் அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமையே வந்து வேலையில் சேரச் சொல்லிவிட்டாராம் ஆராய்ச்சித் தலைவர்.

“ரொம்பச் சந்தோஷம்மா” என்று தலைவி அவள் தோளைத் தொட்டார். “அந்த மனுஷன் மிரட்டியும் கலங்காம, குறையை நீயே சொன்னே பாரு, அதுதான் பெரிசு.”

“ஐயோ, அவர் மிரட்டலை மேடம். தப்பைக் கண்டுபிடிச்சதே அவர்தான். நேத்து ராத்திரிதான் அவர் கண்ணுல பட்டுதாம். நான் மேடையில நின்னு எல்லார் முன்னாடியும் கேட்டுத் தலைகுனிய வேண்டாம்னு, டீ இடைவேளையில என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்.”

தலைவியின் கை அவள் தோளிலேயே நின்றது. “அப்போ... அவ்வளவு நேரம் அவர் பேசினது?”

“திருத்திட்டு லேப்டாப்ல கணக்கை மறுபடி ஓட்டினா முடிய நேரமாகும், அதுக்குள்ள நீங்க என்னைக் கூப்பிட்டுடுவீங்களேன்னு அழுதேன் மேடம். ‘நீ போய் ஓட்டு. நீ பின்கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வர்ற வரைக்கும், அந்த மேனேஜரைக் கவுன்ட்டரைவிட்டு நான் நகர விடமாட்டேன்’னார்.”