தினமும் படிப்பவர்

“இந்த லாக்கை தினமும் யார் சார் பார்க்கிறது?”

ஆடிட்டர் கேட்டது சாதாரணக் கேள்விதான். மேலாளரோ மேஜைமேல் ஏற்கெனவே அடுக்கியிருந்த கோப்புகளை மறுபடி அடுக்க ஆரம்பித்தார்.

அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் யார் நுழைந்தார், எதைத் திறந்தார், எதை எடுத்துப் போனார் என்பதையெல்லாம் அதுவே வரி வரியாகக் குறித்து வைக்கும். அதற்குப் பெயர்தான் லாக். தினமும் அதைப் படித்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு மேலாளருடையது. அவருக்கோ அதை எப்படித் திறப்பது என்பதே தெரியாது.

போயும் போயும் இன்றைக்கா இந்தச் சோதனை? தலைமை அலுவலகப் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. “என் தம்பிக்குப் போன மாசமே பிரமோஷன் வந்தாச்சு, உங்களுக்குத்தான்...” என்று காலையில்கூட மனைவி இழுத்துவிட்டுத்தான் டிபன் டப்பாவைக் கையில் கொடுத்தாள். மச்சினன் முன்னால் தலைநிமிர்ந்து உட்கார வேண்டுமென்றால், ஆடிட்டர் நாலு நல்ல வார்த்தை எழுதியாக வேண்டும்.

“நம்ம கம்ப்யூட்டர் பிரிவுப் பொண்ணு இருக்காளே, இவதான்...” என்று பக்கத்தில் நின்றவளை மாட்டிவிடப் பார்த்தார்.

“நான் பார்க்கலை சார்,” என்றாள் அவள். “பாஸ்வேர்டு கேட்டேன். ‘அதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம்மா, போய் வேலையைப் பாரு’ன்னு சார்தான் அனுப்பிட்டாங்க.”

மேலாளர் அவளை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

ஆடிட்டர் சிரித்தார். “ஆனா யாரோ பார்த்திருக்காங்களே! லாக்கை யார் திறந்தாங்கன்னும் அதுல விழும் இல்லையா? ஒரு நாள் விடாம, கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க. எத்தனையோ ஆபீஸ் பார்த்துட்டேன், இவ்வளவு அக்கறையான ஆளை இங்கதான் பார்க்கிறேன்.”

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்தப் புண்ணியவான் யார் என்றெல்லாம் அவர் யோசிக்கவில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் புகழை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள அவருக்குச் சொல்லித்தரவா வேண்டும்?

“அது... நான்தான் சார்.”

“நீங்களா? உங்க பேர்ல இல்லையே. ‘விருந்தினர்’னு ஒரு பொதுக் கணக்கு வழியா இல்ல வந்திருக்கு?”

“எதுக்கு சார் விளம்பரம்? நம்ம கடமையை நாம செய்யறோம்.”

“அதுவும் வெளியில இருந்து.”

“வீட்டுக்குப் போயிட்டா பொறுப்பு விட்டுடுமா?”

“ஞாயித்துக்கிழமை கூடவா?”

“என் சம்சாரம் சண்டை போடறதே அதுக்குத்தான் சார்.”

“சார், வேணாம் சார்...” என்று அந்தப் பெண் மெல்ல ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரும்மா!” என்று அவள் வாயை அடைத்தார் மேலாளர்.

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றார் ஆடிட்டர். “படிச்சு முடிச்சதும் நடுவுல சில வரிகளை அழிச்சிருக்கே?”

மேலாளர் ஒரு கணம்தான் தடுமாறினார். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனி இறங்கவா முடியும்?

“எல்லாம் குப்பை சார். அப்பப்போ களையெடுத்துடுவேன். எனக்கு எதுவும் சுத்தமா இருக்கணும்.”

“இதை அப்படியே எழுதிக்கலாமா?”

“தாராளமா! என் பதவியையும் சேர்த்து எழுதுங்க.”

எழுதியதன் அடியில் அவர் போட்ட கையெழுத்தின் வால், காகிதத்தைத் தாண்டி மேஜைவரை போயிற்று. மச்சினன் முகம் போகிற போக்கு இப்போதே அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், ஆடிட்டரோடு வந்து வெளியே காத்திருந்த இருவருக்கும் இன்னொரு காபி கொடுக்கச் சொன்னார்.

“காபி வேண்டாம்,” என்று ஆடிட்டர் எழுந்து கதவைத் திறந்தார். “வாங்க இன்ஸ்பெக்டர். வாடிக்கையாளர் விவரத்தையெல்லாம் திருடி வித்துட்டு, தினமும் உள்ள வந்து தடயத்தை அழிச்சிட்டிருந்த ஆளை இனிமே தேட வேண்டாம். அவரே ஒத்துக்கிட்டு கையெழுத்தும் போட்டுட்டார்.”

“ஐயோ, நான் அந்த லாக்கை ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததே இல்லை சார்!” என்று மேலாளர் அலறினார்.

அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதை நம்பிய ஒரே ஆளான அந்தப் பெண், அவர் சொன்னபடியே சும்மா இருந்தாள்.