முப்பதாம் தடம்

"என்னை மட்டும் எதுக்கு யிஹான் வெளிய தள்ளின?"

சர்வர் அறைக்குள் நுழைந்ததுமே லியாவ் கேட்டார். புகார்க் கடிதத்தை அவர் உதறிய வேகத்தில் நெட்வொர்க் பெட்டியின்மேல் இருந்த பச்சை உறைப் பொரிப் பொட்டலம் கீழே விழுந்தது. மெஷின் முரண்டு பிடிக்காமலிருக்க, ராசிக்காக, தைச்சுங் நகரில் எல்லா மெஷின் தலையிலும் இருக்கும் பொட்டலம்தான்.

"உக்காருங்க மேனேஜர்," என்றாள் யிஹான். நெட்வொர்க் அவள் பொறுப்பு. வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"உக்கார நேரமில்ல. வியட்நாம் ஃபேக்டரில நாப்பது பேர் என் கிளாஸ் ஃபைலுக்காகக் காத்திருக்காங்க. பத்து செகண்ட்ல போறது இன்னிக்கு அரை மணி ஆச்சு."

வியட்நாம் லைன் குறுகலானது. அதைச் சமாளிக்கத்தான் இந்தப் பெட்டி. எல்லோரையும் உள்ளே விட்டால் திணறும். ஒரே கேபிளுக்குள் பிரிவுவாரியாக எண் போட்ட தடங்கள் ஓடின. வீலான் என்பாள் அவள். அதில் சிலதை மட்டும் பிரிட்ஜ் போட்டுப் பெட்டி வழியாகத் திருப்பியிருந்தாள். மற்றவை பெட்டியைத் தொடாமல் நேரே, மெதுவாகப் போகும்.

வரைபடப் பிரிவு இருபதாம் தடம். பயிற்சிப் பிரிவு, அதாவது லியாவ், முப்பது. வெள்ளிக்கிழமை மாலை முப்பதின் பிரிட்ஜை அவள் எடுத்துவிட்டாள்.

"மூணு வருஷமா திங்கட்கிழமை தவறாம 'புதிதாக யோசிப்போம்'னு கிளாஸ் எடுக்கறேன். எனக்கு இந்த மரியாதையா? இந்தக் கடிதம் நேரா சேர்மனுக்குப் போகுது. அப்புறம் உன் வேலை உன் பாடு."

"போகட்டும். அதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க."

டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

"பெட்டி எவ்வளவு மிச்சம் பிடிக்குதுன்னு தடம் தடமா சேர்மன் கேட்டிருக்கார். இது வெள்ளிக்கிழமை எனக்காக எடுத்துப் பாத்தது."

லியாவ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இருபது: நாற்பத்தொரு சதவீதம். முப்பது: தொண்ணூற்றொன்பது.

"பாத்தியா, நான்தான் முதல். முதல்ல வர்றவனையா தள்ளுவாங்க?"

"மேனேஜர், ஒரு தடவ போனதைப் பெட்டி மறுபடி அனுப்பாது. 'பழசுதான், உன்கிட்டயே இருக்கு, எடுத்துக்கோ'ன்னு வியட்நாம்ல இருக்கற ஜோடிப் பெட்டிக்குச் சொல்லிடும். அதுக்குப் பேர்தான் மிச்சம்."

லியாவின் விரல் தாளில் தொண்ணூற்றொன்பதின்மேல் போய் நின்றது.

"பாக்கி ஒரு சதவீதம்?"

"முதல் பக்கத்துத் தேதி."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சேர்மனுக்குப் போற தாளை இன்னிக்குச் சாயங்காலம் எடுப்பேன்," என்றாள் யிஹான், திரையைப் பார்த்தபடி. "பிரிட்ஜ்ல இல்லாத தடம் அதுல வராது."

லியாவ் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் செருகினார். குனிந்து பச்சைப் பொட்டலத்தை எடுத்து, தூசி தட்டி, பெட்டியின்மேல் நேராக நிறுத்திவிட்டு வெளியே போனார்.